பொன்னுலிங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார்

நெடும்பொட்டலில் யாரும் செத்ததில்லை. அந்த ஊரில் மனிதர்கள் இயற்கை எய்தினார்கள், இறைவனடி சேர்ந்தார்கள், சிவலோக பதவி அடைந்தார்கள், கர்த்தருக்குள் நித்திரையானார்கள், வேறொன்றும் தோன்றாதபோது காலமானார்கள். லாரிச் சக்கரத்தில் நசுங்கியவர்களும், பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தாங்களே குடித்தவர்களும், தீப்பெட்டி ஆபீசில் கருகியவர்களும்கூட மீளாத் துயிலில் ஆழ்ந்தார்களே தவிர, செத்தார்கள் என்று எந்தச் சுவரிலும் ஒருநாளும் ஒட்டப்பட்டதில்லை. இலக்கணம் படித்தவர்கள் இதை மங்கல வழக்கு என்பார்கள். சுடுகாட்டை நன்காடு என்று சொல்லச் சொல்லிக்கொடுத்த அந்தப் பழைய ஆசிரியர்கள், நன்காட்டிலும் பிணம் எரியும்போது அதே வாடைதான் வரும் என்பதைச் சூத்திரத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

ஊருக்கு வேண்டிய மங்கலத்தையெல்லாம் வார்த்துக் கொடுத்தவர் பொன்னுலிங்கம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மீரான் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, காலையில் கண்ணீர் அஞ்சலியும் மாலையில் பூப்புனித நீராட்டு விழாவுமாக, அடித்தும் திருத்தியும் ஆயுளைக் கழித்தவர். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கனகவேலின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் 'ஏழைகளின் காவலர், கருணையின் கடல், தொழிலாளரைப் பெற்றெடுக்காத தாய்' என்று அடித்து, அதைத் தானே மூன்றுமுறை வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்கு விடுவார். வேறு புத்தகம் எதையும் அவர் வாசித்ததில்லை. ஊரே அவர் வாசித்த புத்தகம். அதை எழுதியவரும் அவர்தான்.

இந்தப் பொன்னுலிங்கத்துக்கு ஐம்பது வயதைத் தாண்டியபின் ஒரு வியாதி வந்தது. பேசும்போது இல்லை, சாப்பிடும்போது இல்லை, வாசிக்கும்போது மட்டும், அதுவும் வரியில் எதிர்பாராத சொல் ஒன்று குறுக்கே வந்து நின்றால் மட்டும், அவருடைய தாடை 'டக்' என்று ஒருமுறை வெட்டியது. மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் பெயர் இருந்தால் டக். 'வருந்துகிறோம்' என்று முடிய வேண்டியது 'மகிழ்கிறோம்' என்று முடிந்தால் டக். மீரான் பாய் முதலில் இதை ஆண்டவன் கொடுத்த வரமாகவே எடுத்துக்கொண்டு, முன்னறையில் டீ குடித்தபடி டக் சத்தம் வருகிறதா என்று காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது, போய்ப் பார்த்தால் பொன்னுலிங்கம் தரையில் கிடந்து வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் டாக்டர் நாச்சம்மை சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டும் பழைய பேனா இயந்திரம் ஒன்று, எங்கோ கழித்துக் கட்டியது, அவளிடம் இருந்தது. பொன்னுலிங்கத்தின் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பசை தடவி ஒயர்களை ஒட்டியபோது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி சந்தனமாரி பயந்துபோய்க் கேட்டாள்:

"மீட்டர் மாட்டுதீகளா டாக்டரம்மா? பில்லு யாரு பேர்ல வரும்?"

"பில்லெல்லாம் வராதும்மா. வாசிக்கும்போது மூளை முன்னாடியே ஓடிப்போய், அடுத்து வரப்போற வார்த்தைக்கு ஒரு இலையைப் போட்டு வச்சிருக்கும். வர வேண்டியவன் வந்து உட்கார்ந்தா இந்தப் பேனா அலுங்காது. வேற எவனாவது வந்து உட்கார்ந்தா துள்ளும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தத் துள்ளல் கொஞ்சம் கூடுதல். தாடை வரைக்கும் எட்டுது."

ஓர் அட்டையைக் காட்டினாள். 'தாய் நிலவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள்.' பேனா குளத்துத் தண்ணீர்போல் போனது. அடுத்த அட்டை: 'தாய் நிலவைக் காட்டிப் பிள்ளைக்கு ஆணி ஊட்டினாள்.' பேனா எகிறியது. டக்.

"பெத்தவ ஆணி ஊட்டுவாளா? எனக்கே தூக்கிவாரிப் போடுது" என்றாள் சந்தனமாரி.

உங்களுக்குப் பழகினது எதையாவது வாசியுங்கள் என்று டாக்டர் சொல்ல, பொன்னுலிங்கம் சட்டைப்பையிலிருந்து அன்று அச்சுக்குப் போகவேண்டிய தாளை எடுத்தார். முதலாளியின் பிறந்தநாள் வாழ்த்து. 'ஏழைகளின் காவலர்' என்ற இடத்தில் பேனா அலுங்கவில்லை, 'கருணையின்' என்ற இடத்திலும் அலுங்கவில்லை, அதற்கும் 'கடல்' என்பதற்கும் நடுவே அவருடைய இதயம் நின்றது. டாக்டர் நெஞ்சில் ஏறி அழுத்தினாள், ஊசி போட்டாள், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, பேனா நின்றிருக்கவில்லை. வாசிக்கிறவனின் கோடு, வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும் சின்ன வளைவு உட்பட, தாளில் ஓடிக்கொண்டே இருந்தது. பொன்னுலிங்கத்தின் கண்கள் திறந்திருந்தன. கூரையில் மழை ஒழுகிப் படிந்த கறையை இடமிருந்து வலமாக, இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டிருந்தன.

இறப்புச் சான்றிதழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் டாக்டர் 'வாசித்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினாள். கிராம நிர்வாக அலுவலர் அதை வாங்கிப் பார்த்து, அப்படியொரு நிலைக்குக் கட்டம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். உடம்பு குளிர்ந்ததே தவிர அழுகவில்லை. நெருங்கிப் போனால் ஃப்ளெக்ஸ் மையின் வாடை மட்டும் லேசாக அடித்தது. ஒயர்களைக் கழற்றிப் பார்த்தார்கள், கண்கள் நிற்கவில்லை. மறுபடி ஒட்டினார்கள், கோடு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தது.

"அத்தானத் தாங்க. கொண்டுபோயி அடக்கம் பண்ணிக்கிடுதேன்" என்று சந்தனமாரி கேட்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் உமையொருபாகம் தலையை ஆட்டினார். "சோத்துல கைய வச்சவனையும் வாசிப்புல கண்ண வச்சவனையும் பாதியில எழுப்பப்படாது தாயி. முடிக்கட்டும்."

"எதத் தலைவரே முடிக்கணும்? கூரையில இருக்கது மழத்தண்ணிக் கறை."

"நமக்குக் கறை. அவருக்கு என்னவோ."

மீரான் பாய் தன் பங்குக்கு ஒன்று செய்தார். பொன்னுலிங்கத்துக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து, 'அன்னார் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்' என்ற தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். கண்கள் கூரையிலிருந்து இறங்கி, தாளை மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக வாசித்துவிட்டுக் கூரைக்கே திரும்பின. பேனா ஓரிடத்திலும் அசையவில்லை. பிழையில்லை, அச்சுக்கு விடலாம் என்று அதற்கு அர்த்தம்.

அப்படித்தான் சந்தனமாரி எதிலும் சேராதவளானாள். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடலாமா என்று பெண்கள் கூடிப் பேசினார்கள்; கூப்பிட்டால் புருஷன் பிணமாகக் கிடக்கிறான், கூப்பிடாவிட்டால் புருஷன் வாசித்துக்கொண்டிருக்கிறான். தலையில் பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. கடைசியில் அவள் பூவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகப் பழகினாள். தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, அவர் தலையில் காய்ந்த பசையைத் துடைத்து, கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டு, கட்டிலடியில் உட்கார்ந்து, எப்போது முடிப்பீர்கள் என்று கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கண்ணுக்கு நேரே பிடித்தார்கள், முகூர்த்த நேரத்தில் பேனா துள்ளியது, பார்த்தால் இராகுகாலத்தில் முகூர்த்தம். அடுத்து கிரயப் பத்திரம் வந்தது. கிழக்கு எல்லையில் துள்ளியது, அளந்து பார்த்தால் பக்கத்துக்காரன் வரப்பைத் தின்றிருந்தான். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை முளைத்தது, வரிசையில் நிற்க மூங்கில் கட்டினார்கள், கட்டில் காலில் யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். மாமியாரின் களவு போன கம்மலை நான் எடுக்கவில்லை என்று எழுதிக் கொண்டுவந்தாள் மருமகள். மருமகள்தான் எடுத்தாள் என்று எழுதிக் கொண்டுவந்தாள் மாமியார். பேனா துள்ளினால் பொய், துள்ளாவிட்டால் மெய். ஆயுள் முழுக்க அச்சுப்பிழை பிடித்தவர், இப்போது உயிர்ப்பிழை பிடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். பிழையும் பொய்யும் ஒன்றுதான் என்று அந்த ஊர் எடுத்துக்கொண்டது.

"அது பொய்யைக் காட்டலை" என்று டாக்டர் நாச்சம்மை வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "அவர் எதிர்பார்க்காததைக் காட்டுது. ரெண்டும் வேற வேற."

"நல்லது டாக்டரம்மா. நீங்க ஊசியப் பாருங்க, நியாயத்த நாங்க பாக்குதோம்" என்றார் உமையொருபாகம்.

சுவரில் பலமுறை ஒட்டப்பட்ட எந்தப் பொய்க்கும் அந்தப் பேனா ஒருதடவைகூடத் துள்ளியதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற ஊராக இருந்திருந்தால் பொன்னுலிங்கத்துக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

மாசி மாதத்தில் கனகவேலின் தீப்பெட்டி ஆபீஸ் பற்றிக்கொண்டது. தீக்குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகைக்குள் இருந்த பெண்களில் நான்கு பேர் மீளாத் துயிலில் ஆழ்ந்தார்கள். கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்து பிழைத்தவள் ஒருத்தி. சந்தனமாரியின் தங்கை மகள் முப்பிடாதி. இடதுகை முழங்கைவரை வெந்து, கட்டுப்போட்ட கையோடு அவள் ஊர் நடுவே நின்று சொன்னாள், கதவு வெளியே பூட்டியிருந்தது, பெண்கள் மூத்திரத்துக்குப் போய் நேரத்தைக் கழிக்கிறார்கள் என்று முதலாளிதான் பூட்டினார், அவர் கையால் பூட்டியதைக் கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன் என்று. கனகவேல் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. "பொன்னுலிங்கம் வாசிக்கட்டுமே" என்றார்.

இரண்டு தாள்கள் வந்தன. முதலாளியின் தாளில், தொழிலாளரைப் பெற்ற பிள்ளைகளாகப் பேணிவரும் கருணையுள்ளம் கொண்ட கனகவேல் கதவை ஒருநாளும் பூட்டியதில்லை என்று இருந்தது. பேனா குளத்துத் தண்ணீர்போல் போனது. எழுதிப் பழகிய இடதுகை வெந்துபோனதால் முப்பிடாதி வலதுகையால் கோணல்மாணலாக எழுதிய தாளில் ஒரே வரிதான்: 'கருணையுள்ளம் கொண்ட முதலாளி கனகவேல் எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார்.' அந்தக் கருணையுள்ளத்தைக்கூட அவள் எடுக்கவில்லை. அந்தப் பெயரை வேறு எப்படி எழுதுவது என்று அவளுக்கும் தெரியாது. 'கனகவேல்' வரை கண்கள் அமைதியாக வந்தன. 'பூட்டினார்' என்ற இடத்தில் பேனா இயந்திரக் காகிதத்தின் மேல்விளிம்புக்கு எகிற, செத்த தாடை டக் என்று வெட்டியது.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் விலகின. கடையில் அவளுக்கு உப்பு தீர்ந்துபோயிருந்தது. தீயில் போன நான்கு பேரின் வீட்டார்தான் அவளை அதிகம் திட்டினார்கள். தங்கள் பிள்ளைகள் விதியால் போனார்கள் என்பதைச் சுமப்பது, பூட்டால் போனார்கள் என்பதைச் சுமப்பதைவிட அவர்களுக்கு இலேசாக இருந்தது.

முப்பிடாதி ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, பெரியப்பாட்ட யாராச்சும் சொன்னீகளா?"

"என்னத்தட்டி?"

"அவரு செத்துப்போயிட்டாருன்னு."

சந்தனமாரி அவள் வாயிலேயே ஒன்று வைத்தாள். "வாயக் கழுவு. தாலி கட்டுன மனுசனப் பாத்து அந்த வார்த்தய எவளாச்சும் சொல்லுவாளா?"

"பெறகு அவருக்கு எப்படித் தெரியும்? ஊருப் பொய்ய பூராம் கொண்டாந்து காட்டுதீக. இத ஒருத்தரும் காட்டலையே." அடி வாங்கிய உதட்டோடு அவள் சிரித்தாள். "பாவம் பெரியப்பா. லீவு விட்டது தெரியாம வேல பாத்துக்கிட்டு இருக்காரு."

அந்த வாரமே அவளை ஊர்க்கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

சுவரொட்டிச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். முப்பிடாதியின் ரேஷன் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் விளக்கு எரிய, 'செல்வி முப்பிடாதி இயற்கை எய்தினார்' என்று மீரான் பாய் அடித்தார். பொன்னுலிங்கம் பார்க்காமல் எதுவும் சுவரேறக் கூடாது என்பது ஊர்வழக்கம் ஆகியிருந்ததால், தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள். தலையில் பசை துடைத்துக்கொண்டிருந்த சந்தனமாரி பேனாவைப் பார்த்தாள். வெந்த கையோடு கிணற்றில் ஊறிக் கிடந்த பிள்ளை இயற்கை எய்தினாள் என்ற வரியை அவள் புருஷன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். கோடு ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

அவள் பசைத்துணியைக் கீழே வைத்துவிட்டு ஃப்ளெக்ஸ் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, ஒரு தாள் அடிக்கணும். அத்தான் அடிக்கிற அதே எழுத்துல."

"சொல்லு தங்கச்சி."

சொன்னாள். மீரான் பாய் திரும்பி அவளைப் பார்த்தார். "இந்த வார்த்தய இந்தக் கம்ப்யூட்டர்ல நாங்க ஒருதரம்கூட அடிச்சதில்லம்மா. காலமானார்னு போட்டாக் குறைஞ்சா போவும்?"

"அத அவரு ஆயிரம் தடவ வாசிச்சிட்டாருண்ணே. அது அவருக்கு இல்ல, வேற யாருக்கோ."

மீரான் பாய் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, முதன்முதலாகத் தட்டச்சு பழகுகிறவரைப்போல அடித்தார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் கூட்டம். உமையொருபாகம் நாற்காலியில் இருந்தார். ஒரு வாய்க்கால் வழக்கு, அதில் சாட்சியாகக் கனகவேலும் வந்திருந்தார். சந்தனமாரி யாரையும் கேட்காமல் கட்டிலருகே போய், முந்தானையில் முடிந்திருந்த பூவை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு, தாளின் முதுகு ஊருக்கும் முகம் புருஷனுக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"வாசிங்க அத்தான்" என்றாள்.

கண்கள் கூரையிலிருந்து இறங்கின. தாளில் இரண்டே சொல். முதல் சொல்லில் பேனா அலுங்கவில்லை. இரண்டாவது சொல்லில் அது எகிறிய எகிறலில் இயந்திரக் காகிதம் குறுக்கே கிழிந்தது, மைக்கூடு தெறித்து டாக்டரின் வெள்ளைக் கோட்டில் விழுந்தது, தாடை வெட்டிய சத்தம் டீக்கடைவரை கேட்டது. அந்த ஊர் அதுவரை அப்படியொரு துள்ளலைப் பார்த்ததில்லை.

"பொய்யி!" உமையொருபாகம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "பச்சப்பொய்யி! என்னம்மா எழுதிக் கொண்டாந்த? காட்டு இங்க!"

சந்தனமாரி தாளைத் திருப்பினாள்.

'பொன்னுலிங்கம் செத்துப்போனார்.'

ஊர் வாசித்தது. பிறகு கட்டிலைப் பார்த்தது. பொன்னுலிங்கத்தின் கண்கள் மனைவியின் முகத்தில் வந்து நின்றிருந்தன, அதில் வாசிக்க ஒன்றுமில்லாததுபோல, அல்லது அதைமட்டும் வாசிக்க இவ்வளவு நாள் நேரம் கிடைக்காததுபோல. பேனா கிழிந்த காகிதத்தில் நேர்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டே போனது. சந்தனமாரி கண்களை மூடிவிட்டாள். இந்தமுறை அவை மூடின. சற்று நேரத்தில் அறையில் மை வாடை போய், மனிதப் பிணத்தின் வாடை, மாதக்கணக்கில் பாக்கியிருந்த வாடை முழுவதும், ஒரேயடியாக எழுந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வாசல்வரை ஓடிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்: இருப்பதிலேயே பெரிய உண்மைக்குத்தான் பேனா இருப்பதிலேயே உயரமாகத் துள்ளியிருந்தது என்றால், வலதுகையால் கோணல்மாணலாக எழுதிய அந்தத் தாள்? மூக்கைப் பொத்தியிருந்த கை கொஞ்சம் இறங்கி வாயையும் பொத்திக்கொண்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தச் சுவரில் புதிய சுவரொட்டி இருந்தது. விளக்கு இல்லை, மலர்வளையம் இல்லை. ரேஷன் அட்டைப் படத்துக்குக் கீழே, பொன்னுலிங்கம் எப்போதும் அடித்த அதே எழுத்தில்:

'முப்பிடாதி செத்துப்போனாள். தீப்பெட்டி ஆபீஸ் கதவை முதலாளி கனகவேல் வெளியே பூட்டியிருந்தார். அவள் சொன்னது உண்மை. அவளைக் கொன்றது நாங்கள். இவண், நெடும்பொட்டல் ஊர்ப் பொதுமக்கள்.'

முதலில் வாசித்தவர் பால்காரர். 'பூட்டியிருந்தார்' என்ற இடத்தில் அவர் தாடை டக் என்றது. 'நாங்கள்' என்ற இடத்தில் இன்னொரு டக். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றபோது பின்னால் வந்த டீச்சருக்கும் அதே இரண்டு இடங்களில் வெட்டியது. வேலைக்குப் போகிற பெண்கள், கூடைக்காரர்கள், தீயில் மகளைப் பறிகொடுத்தவர்கள், உமையொருபாகம், ஒவ்வொருவராக வந்து வாசிக்க வாசிக்க, அடுக்கிவைத்த தீப்பெட்டிகள் சரிவதுபோல அந்தச் சத்தம் சுவரோரமாக நகர்ந்துகொண்டே போனது. தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் நாச்சம்மையும் வந்து வாசித்தாள். அவளுக்கு 'நாங்கள்' என்ற இடத்தில் மட்டும் வெட்டியது.

வெயில் ஏறும்போது முதலாளியின் கார் வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது, பழக்கம் அப்படி. கனகவேல் இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரருகே போய் நின்றார். ஊர் முழுவதும் அவர் பின்னால் நின்று காதைக் கொடுத்தது. அவர் அவசரப்படவில்லை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, பூட்டைத் தாண்டி, உண்மையைத் தாண்டி, கொன்றதைத் தாண்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

அவர் தாடை ஓரிடத்திலும் அசையவில்லை.